பொற்கொல்லன் சொன்ன செய்தி

கவிதையையும் காப்பியத்தையும் திறனாயும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஒரு செய்யுளைக் கையில் எடுத்தால் அதன் சொல் யாது, பொருள் யாது, அணி யாது, சொல்லாமல் விட்ட குறிப்பு யாது என்று துருவிப் பார்க்கிறோம். உரையாசிரியர்கள் நமக்கு வைத்துச் சென்ற செல்வம் அது. ஆனால், நாள்தோறும் விடியுமுன் நம் வீட்டு வாயிலில் வந்து விழுகின்ற ஓர் எழுத்துவகை இருக்கிறது. கவிதை நுழையாத வீட்டிலும் அது நுழைகிறது. இன்று கைப்பேசி வழியாகப் படுக்கையறை வரையிலும் வந்துவிட்டது. அதனைத் திறனாய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. அதுதான் செய்தி. செய்தியை நாம் ஒரு பலகணியாகக் கொள்கிறோம். பலகணி வழியே தெரிவதே உலகம் என்று நம்புகிறோம். அப்பலகணியை இன்ன சுவரில், இன்ன உயரத்தில், இன்ன அளவில் அமைத்தவர் ஒருவர் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

செய்தியெல்லாம் பொய் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எல்லாவற்றையும் நம்புகிறவனும் எதையும் நம்பாதவனும் ஒரே தன்மையர். ஆராயும் உழைப்பிலிருந்து தப்பிக்கொள்ள இருவரும் தேர்ந்துகொண்ட வழிகள் அவை. பொய் வேறு, சார்பு வேறு. பொய்யை ஒருநாள் பிடித்துவிடலாம். சார்போ மெய்யான செய்திகளைக் கொண்டே கட்டப்படுவது. அதனாலேயே அதனை அறிவதற்குத் திறனாய்வுக் கண் வேண்டியிருக்கிறது.

இது தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. நாம் செய்தியைப் படிப்பவர்கள் மட்டும் அல்லர். சில வேளைகளில் செய்தியாக ஆகிறவர்களும் நாமே. 'வெளியூரான்' என்ற ஒரு சொல் நாளேட்டில் எந்த இடத்தில், எந்தத் தொனியில் வருகிறது என்பதைப் பொறுத்து நம் தெருவின் அமைதி நிலைப்பதும் குலைவதும் உண்டு.

மதுரைக்கு வந்த புதியவன்

செய்தியில் சார்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய மேலைநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் அரசனிடம் சொல்வது ஒரு செய்தியே ஆகும். அதனைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் களவு வெளிப்படுவதற்கு முன் அதனை வேறொருவன் தலையில் ஏற்றிவிட அவன் காத்திருக்கிறான். கோவலன் சிலம்பு விற்க வருகிறான். பொற்கொல்லன் அவனைத் தேர்ந்துகொண்டதற்கு இளங்கோவடிகள் காட்டும் காரணம் நம் நெஞ்சைத் தொடுவது: கோவலன் வேற்றூரிலிருந்து வந்த புதியவன். புகாரில் அவன் மாசாத்துவான் மகன், ஊரறிந்த குடியினன். மதுரையிலோ அவனுக்காகப் பேச நால்வர் இல்லை. ஒருதலைச் செய்திக்கு முதல் இரை எப்போதும் பரிந்து பேச ஆளில்லாதவனே.

அடுத்து, செய்தி சொல்லப்படும் காலம். அரசியின் ஊடலைத் தணிக்கும் பொருட்டு அரசன் அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அவன் உள்ளம் ஆராயும் நிலையில் இல்லை. அந்த நேரத்தில் வந்து விழுகிறது செய்தி. கேட்பவன் அமைதியாக இருக்கும்போது நிற்கமாட்டாத செய்தி, அவன் கலங்கியிருக்கும்போது நின்றுவிடுகிறது.

மூன்றாவது, செய்தியின் அமைப்பு. கன்னக்கோலும் இல்லை, கவைக்கோலும் இல்லை. மந்திரத்தின் துணையால் காவலரை உறங்கச் செய்து சிலம்பைக் கவர்ந்த கள்வன் இதோ என் குடிலில் இருக்கிறான் என்பது பொற்கொல்லன் கூற்றின் பொருள். இதன் சூழ்ச்சியை நோக்குக. களவுக்கருவி ஒன்றும் கோவலனிடம் இல்லை என்பது அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்றாக வேண்டும். பொற்கொல்லன் அச்சான்றையே திருப்பிப் போடுகிறான். கருவியில்லாமலே திருட வல்லவன் என்றால் அவன் எத்துணைப் பெரிய கள்வன்! சான்றின்மையையே சான்றாக்கும் இவ்வித்தையை இன்றும் காண்கிறோம். 'தடயம் எதுவும் சிக்கவில்லை. அவ்வளவு திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள்' என்று எழுதும் எழுதுகோல் அந்தப் பொற்கொல்லன் கைக்கோலின் வழிவந்ததே.

நான்காவது, ஐயத்தை அடக்கும் முறை. காவலருள் ஒருவன் கோவலனைக் கண்டு, இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லையே என்கிறான். நேரில் கண்டவன் கூறும் சொல் அது. பொற்கொல்லன் அதற்கு நேரான விடை தருவதில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டையும் வல்லுநன் போல எடுத்துரைக்கிறான். அரச குடும்பத்தான் ஒருவன் மார்பின் ஆரத்தை முன்பு ஒரு கள்வன் கவர்ந்த கதையையும் சொல்கிறான். இளைய காவலன் ஒருவன் தானும் ஒரு மழைக்கால இரவில் ஒரு கள்வனிடம் வாளைப் பறிகொடுத்த கதையைச் சேர்க்கிறான். கள்வரைப் பற்றிய அத்தனை செய்திகளும் மெய்யாகவே இருக்கலாம். அவற்றுள் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதன்று. ஆயினும், கதைகள் அடுக்கப்பட்டவுடன் ஐயம் வாய் மூடிக்கொள்கிறது. கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். எழுதியவன் ஒருவன், வீசியவன் வேறொருவன் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் நிகழ்ந்தது மெய்யான ஒரு சான்றைக் கொண்டே. கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அது அரசியின் சிலம்பை ஒத்திருந்ததும் உண்மை. அதன் உள்ளே முத்து இருக்கிறதா மாணிக்கம் இருக்கிறதா என்று மட்டும் எவரும் பார்க்கவில்லை. வழக்குரை காதையில் கண்ணகி செய்தது அந்த ஒன்றைத்தான்.

மெய்யான பெயர்ப்பட்டியல்

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையில் 1960-இல் 'மார்மிக்' என்னும் மராத்திக் கேலிச்சித்திர வார இதழ் தொடங்கப்பெற்றது. 1966-இல் சிவசேனை தோன்றுவதற்கு நிலத்தை உழுது கொடுத்தது அவ்விதழே. அதில் வெளிவந்த பகுதி ஒன்று பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. நகரத்துத் தொலைபேசிக் கையேடு முதலியவற்றிலிருந்து நிறுவனங்களில் பொறுப்பு வகித்தோர் பெயர்களை எடுத்துப் பட்டியலாக அச்சிட்டனர். பெயர்களுட் பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். தலைப்போ, 'படியுங்கள், பேசாமல் இருங்கள்' என்னும் பொருளுடையது. பின்னர் அது 'படியுங்கள், எழுங்கள்' என மாறிற்று.

அப்பட்டியலில் பொய்ப்பெயர் இருந்ததாக எவரும் வழக்காட வேண்டியதில்லை. பெயர்கள் மெய்யே. கருத்துரை எதுவும் இல்லை. வசைச்சொல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பட்டியல் என்னும் வடிவமே பேசியது. ஆனால், பட்டியலில் இல்லாதவற்றைக் கருதுக. அந்நிறுவனங்களில் பணிபுரிந்தோர் மொத்தம் எத்தனை பேர்? அவர்களுள் பிற மொழியினர் எவ்வளவு? கணக்கரும் தட்டெழுத்தரும் சுருக்கெழுத்தரும் எந்தத் தகுதி கொண்டு, எந்தத் தேர்வின் வழியாக வந்தனர்? 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் தென்னிந்திய மொழி பேசியோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவரே. பட்டியலைப் படித்தவன் கண்ணுக்கோ நகரமே அவர்கள் கையில் இருப்பதாகத் தோன்றிற்று. மராத்தி இளைஞனின் வேலையின்மை ஓர் உண்மையான துன்பம். அதற்குரிய காரணங்கள் பல. பட்டியல் அக்காரணங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவன் துன்பத்துக்கு ஒரு முகவரி எழுதிக் கொடுத்தது. தென்னிந்தியர் உணவு விடுதிகளின் மேல் பின்னர் விழுந்த கற்கள் அந்த முகவரியைத் தேடி வந்தவையே.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. எண்ணிக்கை தரப்படும்போது, 'எத்தனையில் இத்தனை' என்று கேட்க வேண்டும். குற்றம் இருமடங்காயிற்று என்னும் தலைப்பு, இரண்டு நான்காயிற்று என்பதையும் குறிக்கும். இரண்டாயிரம் நாலாயிரமாயிற்று என்பதையும் குறிக்கும். இரண்டையும் ஒரே எழுத்தளவில் அச்சிட்டுவிட முடியும்.

எழுவாய் எங்கே?

பள்ளியில் இலக்கணம் கற்கும்போது எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எனப் பிரித்துக் காட்டினோம். மதிப்பெண்ணுக்காகக் கற்ற அக்கல்வி செய்தி படிக்கும்போது உயிர்பெறுகிறது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் தாமிர உருக்காலையை எதிர்த்து ஊர்வலம் சென்றோர்மீது காவல்துறை சுட்டது. அந்நாளிலும் அடுத்த நாளிலுமாகப் பதின்மூவர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சியை மூன்று விதமாக எழுத இயலும். 'காவலர் சுட்டதில் 13 பேர் இறந்தனர்' என்பது ஒன்று. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்பது மற்றொன்று. 'வன்முறையில் 13 பேர் பலி' என்பது வேறொன்று. முதலாவதில் சுட்டவர் உண்டு. இரண்டாவதில் துப்பாக்கி மட்டும் உண்டு. பிடித்த கை இல்லை. மூன்றாவதில் துப்பாக்கியும் மறைந்து, இறந்தவரே வன்முறையாளர் என்னும் குறிப்புத் தோன்றிவிடுகிறது. மூன்றிலும் எண் ஒன்றுதான்.

ஒற்றைப் பெயர்ச்சொல்லும் இவ்வேலையைச் செய்யும். 1968 திசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடியிருப்பில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதனை 'மோதல்' என்று எழுதிய ஏடுகள் அன்று இருந்தன. மோதல் என்றால் இருபுறமும் ஆள் வேண்டும், இருபுறமும் வலிமை வேண்டும். பூட்டிய குடிசைக்குள் இருந்த குழந்தை யாருடன் மோதிற்று? ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது.

கூற்றுவினைகளையும் உற்று நோக்க வேண்டும். 'கூறினார்' என்பது நடுநிலைச் சொல். 'விளக்கினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்பது குறிப்பு. 'சமாளித்தார்' என்றால் பொய் என்பது குறிப்பு. 'ஒப்புக்கொண்டார்' என்றால் முன்பு அவர் மறைத்திருந்தார் என்று பொருள். அமைச்சர் விளக்குகிறார், தொழிற்சங்கத் தலைவர் மிரட்டுகிறார் என்று தொடர்ந்து எழுதப்படுமானால், அவ்விருவரும் என்ன சொன்னார்கள் என்று படிக்குமுன்பே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருப்போம்.

வெற்றிடமும் விற்றவிடமும்

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975-இல், சூன் 28 அன்று, தில்லி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேடு தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு வெளிவந்தது. தணிக்கையைப் பற்றி எழுத முடியாதபோது அவ்வெள்ளைத் தாள் எழுத்தினும் உரக்கப் பேசிற்று. அது நேர்மையான மௌனம். 'இங்கே ஒன்று இல்லை' என்று அது வாசகனுக்குச் சொல்லிற்று. நாள்தோறும் நிகழும் விடுபாடுகள் அத்தகையன அல்ல. விட்ட இடத்தில் வேறொரு செய்தியும், அதன் அருகே ஒரு விளம்பரமும் நிறைந்து நிற்கும். இல்லாததைக் காண்பது திறனாய்வில் மிகக் கடினமான பகுதி. இரண்டு ஏடுகளை அருகருகே வைத்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது.

இடம் விலைக்குப் போவதும் உண்டு. 2009-இல் மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, ஒன்றுக்கொன்று போட்டியான நாளேடுகளில் ஒரே புகழ்ச்சிக் கட்டுரை சொல்லும் மாறாமல் வெளிவந்தது கண்டறியப்பட்டது. காசு கொடுத்து வெளியிடப்படும் விளம்பரம் செய்தியின் உடையணிந்து வந்த அவ்வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றம் இருவர் அடங்கிய துணைக்குழுவைக் கொண்டு ஆராயச் செய்து, 2010-இல் தன் அறிக்கையை ஏற்றது. விளம்பரத்தை விளம்பரமாகப் படிப்பவன் விழிப்போடு படிக்கிறான். அவ்விழிப்பு உறங்கும் நேரம் பார்த்து நுழைவதற்கே செய்தியின் உடை தேவைப்படுகிறது. பொற்கொல்லன் அரண்மனைக்குள் நுழைந்ததும் அரசனுக்கு நன்மை செய்பவன் கோலத்தில்தான்.

வேடம் மாறியபோது

இதுவரை கூறியவற்றைப் படித்து, 'நமக்கு இழைக்கப்பட்ட தீங்குகள்' என்று பெருமூச்சு விடுவதோடு நின்றுவிட்டால் திறனாய்வு பாதிவழியில் நின்றுவிடும். 2023 மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பணிபுரியும் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்னும் செய்தி வட மாநிலங்களில் பரவிற்று. வேறு இடங்களில், வேறு காரணங்களால் நடந்த அடிதடிகளின் காட்சிகள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. இந்தி ஊடகங்கள் சிலவும் அதனை வெளியிட்டன. ஓலிப் பண்டிகைக்கு ஊர் செல்வோர் இரயிலில் நெருக்கியடித்து ஏறும் காட்சி, உயிருக்கு அஞ்சி ஓடுவோர் காட்சியாயிற்று. பீகார் அரசு அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பித் தொழிலாளர்களையே நேரில் கேட்டறிந்தது. வதந்தி என்பது தெளிவாயிற்று. தமிழ்நாட்டுக் காவல்துறை பொய்ச்செய்தி பரப்பியோர்மீது வழக்குகள் பதிந்தது.

இங்கும் சிலம்பு மெய்தான். கூட்டம் மெய், இரயில் மெய், மூட்டை முடிச்சு மெய். படத்தின் கீழ் எழுதிய ஒரு வரி மட்டும் பொய். அந்த வரியை நம்பிய தாயொருத்தி பீகாரின் ஏதோ ஒரு சிற்றூரில் உறக்கமின்றிக் கிடந்திருப்பாள். அவள் அச்சம் எத்தகையது என்பதை வெளியூரில் பிள்ளையை வைத்திருக்கும் நம் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பொய்ச்செய்தி தமிழர்மேல் பழி சுமத்தியது என்று சினந்தோம், சினந்தது முறையே. ஆனால், நம் தமிழ் நாளேடுகளின் உட்பக்கத்தையும் அதே கண்கொண்டு படிக்க வேண்டும். 'வடமாநில வாலிபர் கைது' என்னும் தலைப்பை எத்தனை முறை காண்கிறோம்! கைதானவன் மதுரைக்காரனாகவோ சேலத்துக்காரனாகவோ இருந்தால் 'தென்மாநில வாலிபர் கைது' என்று தலைப்பு வருவதுண்டா? திருட்டுக்கும் பிறந்த மாநிலத்துக்கும் தொடர்பு என்ன? தொடர்பில்லாத ஒரு சொல் தலைப்பில் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், படிப்பவன் மனத்தில் அதுவே தொடர்பை உண்டாக்கிவிடும். மும்பையில் நம் பெயர்களைப் பட்டியலிட்ட எழுதுகோலுக்கும் இதற்கும் மொழிதான் வேறு. கோவலன் இன்று திருப்பூரின் பின்னலாடைக் கூடத்திலும், சென்னையின் கட்டடச் சாரத்திலும் வேறு பெயரோடு நிற்கிறான். அவனுக்காகப் பேசவும் அங்கே நால்வர் இல்லை.

கோப்பு கற்பிக்கும் பாடம்

இனி, செய்தியை எவ்வாறு படிப்பது? நம் சங்கத்து உறுப்பினருள் பலர் நடுவண் அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்வோர். கோப்பில் குறிப்பு எழுதுவோர்க்கு ஒன்று தெரியும். ஒரே விண்ணப்பத்தின்மேல் எழுதும் குறிப்பில் விதியை முதற்பத்தியில் வைத்தால் ஒரு முடிவும், விண்ணப்பதாரரின் குடும்ப நிலையை முதற்பத்தியில் வைத்தால் வேறொரு முடிவும் மேலிடத்திலிருந்து வருவதுண்டு. பொய் ஒன்றும் எழுதப்படவில்லை, வரிசைதான் மாறிற்று. நாளேட்டின் முதற்பத்தியும் அவ்வாறே. பலர் அதற்குமேல் படிப்பதில்லை என்பதை எழுதுபவர் அறிவார்.

அதே கோப்பு நமக்கு ஒழுங்கையும் கற்பித்திருக்கிறது. நிகழ்ந்தது இது, விதி இது, முன் நடந்தது இது, நம் பரிந்துரை இது எனப் பிரித்து எழுதுவது அலுவலக மரபு. எந்தக் கூற்றுக்கும் ஆதாரமான தாள் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று சீட்டுச் செருகிக் காட்டுகிறோம். அவ்வளவு கண்டிப்பை மாலையில் செய்தித்தாள் விரிக்கும்போது ஏன் கழற்றி வைக்க வேண்டும்? இதை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரிந்தது? நிகழ்ந்தது எது, எழுதியவர் கருதியது எது? இந்த வினையைச் செய்தவர் யார்? எத்தனையில் இத்தனை? யாரைக் கேட்கவில்லை? எந்தச் சொல்லை நீக்கினாலும் செய்தி குறையாது, ஆயினும் அச்சொல் ஏன் அங்கே நிற்கிறது? இவ்வினாக்களுக்கு ஆகும் நேரம் ஒரு குவளைக் காப்பி குடிக்கும் நேரமே.

இத்திறனாய்வுக்கு நம்மைப்போல் வாய்ப்புப் பெற்றவர் குறைவு என்றே தோன்றுகிறது. ஊரிலிருப்பவர் பெரும்பாலும் ஒரு மொழி ஏட்டையே படிக்கிறார். வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளிலோ தமிழும் ஆங்கிலமும் அவ்வூர் மொழியும் புழங்குகின்றன. காவிரி நீர்ச் சிக்கல் எழும்போது பெங்களூருத் தமிழர் வீட்டில் கன்னட ஏடும் தமிழ் ஏடும் ஒரே மேசையில் இருக்கக்கூடும். ஒன்றில் 'நம் நீர்' என்பது மற்றொன்றில் 'அவர்கள் கேட்கும் நீர்'. இரண்டையும் படிக்க வல்ல சிறுமி ஒருத்தி அம்மேசையில் அமர்ந்து இரண்டிலும் உள்ள எண்களை ஒப்பிடுவாளாயின், அவள் எந்த ஏட்டுக்கும் அடிமையாகாள். புலம்பெயர்ந்த வாழ்வு நமக்குத் தந்த இழப்புகள் பல. இரண்டு பக்கச் செய்தியையும் மூலமொழியிலேயே படிக்கும் பேறு அது தந்த வரவுகளுள் ஒன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்கு நாம் பல காரணங்கள் கூறுகிறோம். இதனையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பாண்டியன் கொடியவன் அல்லன். தன் தவற்றை உணர்ந்த கணத்தில் உயிர்விட்ட நேர்மையாளன். ஆயினும், அவன் நேர்மை கோவலனைக் காப்பாற்றவில்லை. ஆராயாமல் நம்பியதால் விளைந்த கேட்டை, பின்னர் வந்த வருத்தம் மாற்ற இயலவில்லை. செய்தி படிக்கும் நாமெல்லோரும் சிறிய அளவில் அவ்வரியணையில் அமர்ந்திருப்பவர்களே. ஒருவரைப் பற்றிய செய்தியை நம்புவதும் பிறருக்கு அனுப்புவதும் தீர்ப்புக் கூறுவதே ஆகும். தீர்ப்புக்கு முன் சிலம்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.